அரசரின் கொடியைச் சுமந்தவர்

கற்பனை நாடுகளில் நடக்கும் போர்க்கதைகளைச் சிறு வயதிலிருந்தே விரும்பிப் படித்துவருகிறேன். அவற்றில் அரசரை விட, அவருக்கு அருகில் கொடியை ஏந்தி வருபவர்மீதுதான் என் கண் போகும். பெரும்பாலும் அவருக்கு இரண்டு வரிகளே கிடைக்கும். அரசர் விழுவதற்கு முன் அவர் விழுந்துவிடுவார். அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்வியோடு வரலாற்றைப் புரட்டியபோதுதான் சர் எட்மண்ட் வெர்னியை அறிந்தேன்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸிடம், அவர் இளவரசராக இருந்த நாள் முதலே பணிபுரிந்தவர் வெர்னி. மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான பகை முற்றி, 1642 ஆகஸ்ட் 22 அன்று நாட்டிங்ஹாமில் அரச கொடி ஏற்றப்பட்டபோது, அதைச் சுமக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. ஏற்றிய சில நாள்களுக்குள் அந்தக் கொடி பலத்த காற்றில் சாய்ந்ததைப் பலர் தீய சகுனமாகக் கண்டனர்.

என்னை உலுக்கியது சகுனமன்று. அவர் தம் நண்பர் எட்வர்ட் ஹைடிடம் சொன்ன சொற்கள். இந்தச் சண்டை தமக்குப் பிடிக்கவில்லை என்றும், நாடாளுமன்றம் கேட்பதற்கு மன்னர் இணங்கிவிட வேண்டும் என்றே மனமார விரும்புவதாகவும், ஆயினும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் உணவை உண்டு ஊழியம் செய்துவிட்டு இப்போது கைவிடும் இழிசெயலைச் செய்யமாட்டேன் என்றும், இதில் உயிர் போவது உறுதி என்று தெரிந்தே செல்வதாகவும் அவர் கூறியதை ஹைட் பதிவு செய்திருக்கிறார். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. மன்னர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நம்பிச் சாவது ஒன்று. இல்லை என்று மனசாட்சி சொல்லும்போதும் அவருடைய கொடியைக் கீழே வைக்காதிருப்பது வேறொன்று. இரண்டாவதே கடினமானது என்று நினைக்கிறேன்.

அவருடைய மூத்த மகன் ரால்ஃப் நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றார். இளைய மகன் எட்மண்ட் மன்னர் பக்கம்.

1642 அக்டோபர் 23 அன்று எட்ஜ்ஹில்லில் போர் மூண்டது. புகையும் கூச்சலும் நிறைந்த களத்தில், மன்னர் படை எங்கே நிற்கிறது என்பதைப் பலரும் கொடியைப் பார்த்தே அறிந்தார்கள். ஆகவே எதிரியின் கண்ணும் அதன்மீதே இருந்தது. மன்னரின் குதிரைப்படை எதிரியைத் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட, துணையின்றி நின்ற காலாட்படைக்குள் நாடாளுமன்றக் குதிரைவீரர்கள் புகுந்தனர். அன்று கவசம் அணிய மறுத்திருந்த வெர்னி கொல்லப்பட்டார், கொடி பறிபோயிற்று. பின்னர் அதை மீட்டுவந்த ஜான் ஸ்மித் என்ற வீரருக்கு மன்னர் வீரப்பட்டம் வழங்கினார்.

வெர்னியின் உடல் கிடைக்கவில்லை. கொடிக்கம்பத்தைப் பற்றியிருந்த அவரது கை மட்டும், மன்னர் தந்த மோதிரத்தோடு கண்டெடுக்கப்பட்டது என்று ஒரு கதை வழங்கிவருகிறது. தந்தையின் உடலைத் தேடி ஆளனுப்பி விசாரித்தவர், எதிர் அணியில் நின்ற ரால்ஃப். மிடில் கிளேடன் தேவாலயத்தில் தந்தைக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவரும் அவரே.