சாஞ்சு போன மக்ரூன் கோபுரம்

கல்யாண கேக் ஆர்டர் எடுக்கும்போது எனக்கு வயித்த கலக்குற வார்த்தை ஒன்னு இருக்குன்னா அது "வித்தியாசமா"தான். அக்கா வித்தியாசமா ஏதாவது பண்ணுங்கன்னு சொல்லிட்டு பத்து பதினஞ்சு போட்டோ வாட்ஸப்ல தட்டி விட்டுடுவாங்க, எல்லாமே ஏதோ குளிர் ஊர்ல புல்தரையில மேஜை போட்டு எடுத்ததா இருக்கும், நமக்கு இங்க மே மாசம் பாளையங்கோட்டையில ஃபேன் கூட ஒழுங்கா சுத்தாத மண்டப ஸ்டோர் ரூம்ல மூணு அடுக்கு கேக்க நிப்பாட்டணும். வெண்ணெய் 32, 33 டிகிரியிலேயே இளக ஆரம்பிச்சிடும், வெளிய 39 அடிக்குது. இதுல எங்க வித்தியாசம் பண்றது, சாயாம நின்னாலே பெருசு.

வீட்டு மாடியில ஓவன் வச்சு எட்டு வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடி சென்னையில ஒரு ஆபீஸ்ல சம்பள கணக்கு பாத்துட்டு இருந்தேன். ஆரம்பத்துல யார் என்ன போட்டோ காட்டினாலும் அத அப்படியே பண்ணிக்குடுக்கறதுதான் திறமைன்னு நெனச்சேன், அப்படித்தான் நேக்கட் கேக்ல மாட்டினேன். பக்கவாட்டுல க்ரீம் பூசாம ஸ்பாஞ்ச் அடுக்கு வெளிய தெரியற மாதிரி விடுவாங்களே அது. பொண்ணுக்கு அவ்ளோ ஆசை. நானும் அழகா பண்ணி ரோஜாவும் பச்சை இலையும் வச்சு கொண்டு போயிட்டேன். மேடையில ரெண்டு பெரிய ஃபேன், ஒன்றரை மணி நேரம் காத்து அடிச்சதுல ஓரமெல்லாம் ரஸ்க் மாதிரி ஆயிடுச்சு. அதுகூட பரவால்ல, மாப்பிள்ளையோட பெரியம்மா பக்கத்துல வந்து ரகசியமா கேட்டாங்க, "ஏம்மா, க்ரீமு பத்தலையோ? இல்ல பொண்ணு வீட்டுல துட்டு கொறச்சு குடுத்துட்டாவளா?" நான் என்னத்த சொல்ல. அந்த கேள்வியில ஒரு நியாயம் இருக்குன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் புரிஞ்சுது. நம்ம ஊர்ல கல்யாணத்துல எதையாவது கொறச்சு வச்சா அத யாரும் ஸ்டைல்னு பாக்க மாட்டாங்க, கொறச்சுட்டாங்கன்னுதான் பாப்பாங்க.

அதே மாதிரிதான் டம்மி விஷயமும். அஞ்சு அடுக்கு கேக் வேணும்பாங்க, அதுல நாலு அடுக்கு தெர்மாகோல், மேல ஒன்னு மட்டும் நெஜ கேக், அத வெட்டிட்டு உள்ளருந்து பெரிய ட்ரேல போட்ட கேக்க துண்டு போட்டு பந்தியில குடுத்துடுவோம். மொதல்ல எனக்கு இது ஏமாத்து வேலையா தோணுச்சு. அப்பறம் படிச்சா, இங்கிலாந்துல உலகப்போர் சமயத்துல சர்க்கரை ரேஷன், 1940-ல கேக் மேல ஐசிங் போடவே தடை போட்டுட்டாங்களாம், அதனால அட்டையிலயும் பிளாஸ்டர்லயும் செஞ்ச பெரிய கல்யாண கேக் கூடு ஒன்ன எடுத்து, உள்ள சின்னதா ஒரு கேக்க வச்சு மூடி போட்டோ எடுத்திருக்காங்க. அதே ஊர்ல 1947-ல, 2022-ல செத்துப்போன ராணி எலிசபெத்தோட கல்யாணத்துக்கு மட்டும் ஒம்போது அடி உயர கேக், ஆஸ்திரேலியாவுலருந்து சாமான் வந்து செஞ்சது. சரி ராஜா வீட்டு கதை வேற. அட்டைக் கேக் கதைய படிச்ச பிறகு தெர்மாகோல் மேல எனக்கு இருந்த கோவம் போயிடுச்சு.

இப்போ மக்ரூன் கதைக்கு வரேன். தூத்துக்குடியில ஒரு சர்ச் கல்யாணம், மதியம் சர்ச்சு, சாயங்காலம் மண்டபத்துல ரிசப்ஷன். பொண்ணு பெங்களூர்ல வேலை பாக்குறவ, க்ரோகம்பூஷ் வேணும்னா. ஃப்ரான்ஸ்ல கல்யாணத்துக்கு வைக்கிறது, உள்ள க்ரீம் வச்ச சின்ன சின்ன பஃப் உருண்டைய காய்ச்சின சர்க்கரைப் பாகுல ஒட்டி ஒட்டி கோபுரம் மாதிரி எழுப்புவாங்க. எனக்கு ஒரு யோசனை, தூத்துக்குடியில வச்சு எதுக்கு பஃப், மக்ரூன்லயே எழுப்பிடலாமேன்னு. தெரியாதவங்களுக்கு சொல்றேன், வெளிநாட்டுல ரெண்டு பில்லைக்கு நடுவுல க்ரீம் வச்சு கலர் கலரா விக்கிறாங்களே அது இல்ல இது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, பாதாமுக்கு பதிலா நம்ம முந்திரி, அவ்ளோதான், கூம்பு மாதிரி சுத்தி புழிஞ்சு ரொம்ப கொறஞ்ச சூட்டுல நேரம் எடுத்து காய வைக்கணும். வாயில போட்டா மொறுக்குன்னு ஒடஞ்சு கரைஞ்சு கடைசியில முந்திரி மட்டும் பல்லுல நிக்கும். பொண்ணோட அப்பா கேட்டதுமே சிரிச்சுட்டார், அவர் சின்னப்பிள்ளையில பரீட்சை முடிஞ்சா அவங்கப்பா வாங்கிட்டு வர்ற பொட்டலமாம் அது.

ரெண்டு அடி கோபுரத்துக்கு 200-க்கு மேல மக்ரூன் வேணும். மக்ரூன நான் சுடல, அந்த ஊர்ல தலைமுறையா போடற பேக்கரி இருக்கறப்போ நான் எதுக்கு சுடணும், வாங்கிக்கிட்டேன். ஒட்டறது மட்டும் என் வேலை. சர்க்கரைய பொன்னிறமா காய்ச்சி, கைய சுட்டுக்கிட்டு, மதியம் ரெண்டு மணிக்கே மண்டபத்துக்கு போயி ஒன்னு ஒன்னா ஒட்டி எழுப்பியாச்சு. பாக்க தேர் மாதிரி இருந்துச்சு. மண்டபத்துல ஏசி இருக்குன்னு சொல்லியிருந்தாங்க, இருந்துச்சு, ஆனா ஆள் வர ஆரம்பிச்ச பிறகுதான் போடுவாங்கங்கறத யாரும் சொல்லல. நானும் கேக்கல, அது என் தப்பு. கடல் காத்து, எல்லா கதவும் தெறந்து கெடக்கு. சர்க்கரைப் பாகுக்கும் மக்ரூனுக்கும் ஒரே குணம், காத்துல இருக்கற ஈரத்த அப்படியே உறிஞ்சிடும். அஞ்சு மணிக்கு பாகு பளபளன்னு வேர்க்க ஆரம்பிச்சுது. ஆறு மணிக்கு மக்ரூன தொட்டா பஞ்சு மாதிரி அமுங்குது. ஆறே முக்காலுக்கு என் கண்ணு முன்னாடி மேல் வரிசை மெதுவா, ரொம்ப மெதுவா, ஒரு பக்கமா எறங்குச்சு, கிழவி திண்ணையில தூங்கி விழற மாதிரி.

நான் அழல, ஆனா அழற நெலமைதான். பொண்ணோட அத்தை ஒருத்தங்க வந்து பாத்தாங்க, ஒன்னும் பேசல, உள்ள போயி ஒரு பெரிய பித்தளை தாம்பாளம் எடுத்துட்டு வந்தாங்க. "எல்லாத்தையும் இதுல குவிச்சி விடு, பூவ சுத்தி வையி, யாரு கேக்கப்போறா"ன்னாங்க. காரில நான் ஸ்பேரா வச்சிருந்த மூணு டப்பா காஞ்ச மக்ரூனையும் மேல கொட்டி குவிச்சோம். கேக் தனியா இருந்ததால வெட்டறதுக்கு பிரச்சனை இல்ல. அந்த தாம்பாளம் மேடைக்கு கீழ வச்ச இருபது நிமிஷத்துல காலி. கோபுரமா இருந்திருந்தா ஒருத்தன் கை வச்சிருக்க மாட்டான், போட்டோ எடுத்துட்டு போயிருப்பானுங்க. எனக்கு அது கொஞ்சம் கடுப்பாவும் இருந்துச்சு, சொல்லணும்னா.

அடுத்த தடவை அதையே ஒழுங்கா பண்ணேன். தெர்மாகோல் கூம்பு, அது மேல ஃபாயில், பாகுக்கு பதிலா ராயல் ஐசிங்ல (வெள்ளைக்கருவும் சர்க்கரைப் பொடியும் சேத்து அடிச்சது) ஒட்டறது, அது நல்லா காஞ்சு இறுகிடும். மக்ரூன் டப்பாவ கடைசி வரை தெறக்கவே கூடாது, கேக் வெட்டற நேரத்துக்கு முக்கா மணி நேரம் முன்னாடி ரெண்டு பேரா ஒக்காந்து ஒட்டணும், மேல் பாதிக்கு மட்டும். கீழ் பாதி தாம்பாளத்துல குவியல்தான், அத்தை ஸ்டைல். முட்டை இருக்குன்னு பக்கத்துல ஒரு அட்டை எழுதி வச்சுடுவேன், சைவம் சாப்பிடறவங்க இனிப்புன்னு நம்பி வாயில போட்டுட்டு அப்பறம் தெரிஞ்சா அது பெரிய பாவம். இந்து வீட்டு ரிசப்ஷன்னா முட்டை பேச்சே கிடையாது, அங்க கருப்பட்டி மிட்டாய்தான் அடுக்குவேன். சாத்தூர், கோவில்பட்டி பக்கம் சுத்தி சுத்தி புழிஞ்சு பாகுல முக்கி எடுப்பாங்களே, அதுவும் பிசுபிசுப்புதான், ஆனா அது பிசுபிசுன்னு இருந்தாத்தான் அழகு.

இவ்ளோ ஊர் பெருமை பேசறேன்னு எல்லாத்தையும் கேக்குக்குள்ள திணிக்கலாம்னு நெனச்சிடாதீங்க. திருநெல்வேலிக்காரின்னு தெரிஞ்சா போதும், எல்லாரும் "அல்வா கேக்"கும்பாங்க. பண்ணி பாத்துட்டேன். ரெண்டு ஸ்பாஞ்சுக்கு நடுவுல அல்வாவ வச்சா அது ஓயாம நெய்ய விட்டுக்கிட்டே இருக்கும், மேல் அடுக்கு அந்த நெய் மேல வழுக்கிக்கிட்டு போகும், ஃப்ரிட்ஜ்ல வச்சா நெய் ஒறஞ்சு மெழுகுவத்தி தின்ன மாதிரி இருக்கும். சம்பா கோதுமைய ஊறப்போட்டு ஆட்டி பால் எடுத்து மணிக்கணக்கா கிண்டறாங்க, அத சுடச்சுட எலையில வாங்கி கைய்யில வழிய வழிய திங்கறதுதான் மரியாதை. அதுக்கு எதுக்கு கேக் சட்டை மாட்டணும். இப்போ யார் கேட்டாலும் முடியாதுன்னுடுவேன், தனியா ஒரு அல்வா கவுண்டர் போடுங்கன்னு சொல்லுவேன். மதுரையில ஜிகர்தண்டா கவுண்டர் போடற மாதிரி. (அதுக்கு பாதாம் பிசின் முந்தின நாள் ராத்திரியே ஊறப்போடணும், ஒரு கைப்பிடி போட்டு காலையில பாத்தா அண்டா நெறைய நிக்கும், மொத தடவை நான் பயந்தே போயிட்டேன்.)

எனக்கே ரொம்ப புடிச்சது எதுன்னா எலுமிச்சை நன்னாரி கேக்தான். அதுவும் ஒரு போட்டோவுல ஆரம்பிச்சதுதான். 2018-ல இங்கிலாந்து இளவரசர் ஹாரி, மேகன் கல்யாணத்துல வழக்கமான பழ கேக் வேண்டாம்னு எலுமிச்சையும் எல்டர்ஃப்ளவர்னு அந்த ஊர் பூவும் போட்ட கேக் வச்சாங்க, அத ஒரு பொண்ணு புடிச்சுக்கிட்டு அதுதான் வேணும்னா. எல்டர்ஃப்ளவர் சிரப் ஆன்லைன்ல வாங்கினா கொள்ளை விலை, வாங்கி மோந்து பாத்தா எனக்கு ஒன்னுமே ஞாபகம் வரல, அந்த பொண்ணுக்கும் வரல. அன்னைக்கு வெயில்ல அவளுக்கு குடிக்க எலுமிச்சை புழிஞ்சு நன்னாரி சர்பத்துதான் குடுத்திருந்தேன். கிளாஸ கீழ வச்சுட்டு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். அவ்ளோதான். நன்னாரிய மாவுல கலந்து சுட்டா வாசம் ஓவனுக்கே போயிடும், அதனால எலுமிச்சை கேக்க சுட்டு ஆற வச்சு, பிரஷ்ல நன்னாரி சிரப்ப தொட்டு ஒவ்வொரு அடுக்குலயும் தடவணும், மேல வைட் சாக்லேட் கனாஷ், அதாவது சாக்லேட்ட சூடான க்ரீம்ல கரைச்சது. வெயில் காலத்துக்கு க்ரீம விட கனாஷ்தான் தாங்கும், வைட் சாக்லேட்னா மூணு பங்குக்கு ஒரு பங்கு க்ரீம். அந்த கேக்க தின்ன தாத்தா ஒருத்தர், "சர்பத்து கடையில ஒக்காந்த மாதிரி இருக்கு"ன்னார்.

அதுக்கப்பறம் நான் ஆர்டர் எடுக்கற முறையே மாறிடுச்சு. போட்டோவ பாத்துக்கறேன், ஆனா வீட்டுக்கு போயி ஒக்காந்து பேசறேன், பொண்ணு மாப்பிள்ளைகிட்ட மட்டும் இல்ல, ஆச்சி, சித்தப்பா, சமையல்கட்டுல யார் இருக்காங்களோ அவங்ககிட்டயும். சின்ன வயசுல திருட்டுத்தனமா எடுத்து தின்னது என்னன்னு கேப்பேன். இந்த கேள்விக்கு யாரும் ப்ளூபெர்ரி சீஸ்கேக்னு சொன்னதே இல்ல.

போன வருஷம் அப்படித்தான் தூத்துக்குடி பக்கம் ஒரு உப்பளக்காரர் வீட்டு கல்யாணம். இந்து குடும்பம், முட்டை கூடாது, பொண்ணுக்கு சால்டட் கேரமல் புடிக்கும். உப்புன்னதும் பொண்ணோட சித்தி மொகம் சுளிச்சாங்க, "இனிப்புல எவளாவது உப்பு போடுவாளா, நல்ல காரியம் பாரு"ன்னு. மூலையில ஒக்காந்திருந்த ஆச்சிதான் அதட்டினாங்க, "கல்யாண சாமான் வாங்க போனா மொதல்ல எதம்மா வாங்குதோம்? உப்பும் மஞ்சளும்தான? உப்ப போயி கெட்டதுங்கியே, அதுல உக்காந்துதான நாம சோறு திங்கோம்." அதோட சித்தி அடங்கிட்டாங்க.

சர்க்கரைக்கு பதிலா உடன்குடி கருப்பட்டி. 2023-ல புவிசார் குறியீடு வாங்கினது, ஆனா குறியீடு இருந்தாலும் இல்லாட்டியும் கொஞ்சம் தண்ணி விட்டு கரைச்சு வடிகட்டாம போட்டா பல்லுல மண்ணு கடிக்கும். கருப்பட்டி பாக காய்ச்சி க்ரீமும் வெண்ணெயும் சேத்து கேரமல். அதுல போடற உப்ப பொண்ணோட அப்பாவே கொண்டு வந்தார், பாத்தியில மொதல்ல படிஞ்சு நிக்கற கல்லுன்னு சொல்லி ஒரு சின்ன ஓலைப்பெட்டியில. கைய்யில எடுத்து வெளிச்சத்துல காட்டினார், சதுர சதுரமா, ஓரமெல்லாம் கத்தி மாதிரி. முன்னாடியே மேல தூவினா க்ரீம் ஈரத்துல கரைஞ்சு போயிடும், அதனால வெட்டறதுக்கு முன்னாடி அவரையே மேடைக்கு கூப்பிட்டு தூவ சொன்னேன். அவ்ளோ பெரிய ஆளு, கை நடுங்குச்சு, மூணு விரல்ல எடுத்து குழம்புக்கு போடற மாதிரி போட்டார்.

பொண்ணு வெட்டி மொதல் துண்ட அவருக்குத்தான் ஊட்டுச்சு. கண்ண மூடி மென்னார். போட்டோகிராஃபர் நாலு பக்கமும் சுத்தி எடுக்கறார், எல்லாரும் அவர் மொகத்தையே பாக்குறாங்க, நான் தூணுக்கு பின்னாடி நிக்கறேன். முழுங்கிட்டு என்னைய தேடி புடிச்சு பாத்து சொன்னார், "நல்லாருக்கும்மா. உப்புதான் கொஞ்சம் கம்மி."