மூன்றாவது தையல் மெசினும் ஏழு வீதமும்

யாழ்ப்பாணத்தில் என்.ஜி.ஓ வேலையை நம்பி யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். கச்சேரியிலோ பள்ளிக்கூடத்திலோ ஒரு நிரந்தர நியமனம், கடைசியில் பென்சன். இதுதான் இங்கே கணக்கு. எங்களுடையது புறொஜெக்ட் முடியுமட்டும்தான். அயலில் யாராவது கேட்டால் அம்மா இன்றைக்கும் "அவள் ஒரு ஒபிசில வேலை செய்யிறாள்" என்றுதான் சொல்லுவா. அந்த ஒபிசை நடத்துவதே நான்தான் என்பதை ஏனோ சேர்ப்பதில்லை.

2009க்குப் பிறகு மீள்குடியேற்றம் நடந்த காலத்தில் இந்தத் துறைக்குள் வந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆங்கிலத்தில் நாலு வரி எழுதத் தெரிந்தவர்களைத் தேடித் தேடி எடுத்தார்கள். கொடையாளர்களிடம் பணம் கேட்டு முன்மொழிவு எழுத நல்ல இங்கிலிஷ் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அப்போது பிடித்தது, இன்னும் விடவில்லை. வேலைக்கு வரும் பிள்ளைகளும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலக்கணப் பிழைகளோடு போன முன்மொழிவுகளுக்குப் பணம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். அழகான ஆங்கிலத்தில் எழுதியது முதல் சுற்றிலேயே விழுந்ததையும் பார்த்திருக்கிறேன். ஊர் தெரியாமல், பட்ஜெற் தெரியாமல் எழுதினால் அது வெறும் கட்டுரை.

ஊர் தெரிவது என்றால் என்ன என்பதற்கு வடமராட்சி கிழக்கில் நடந்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். சனசமூக நிலையத்தில், மாதர் சங்கத்துப் பெண்கள். பெண்களின் வாழ்வாதாரத்துக்கு நிதி கோரும் அழைப்பு ஒன்று வந்திருந்தது. எங்களுக்குள் வழக்கமான பட்டியல்தான் ஓடிக்கொண்டிருந்தது: தையல் மெசின், கோழிக்குஞ்சு, ஆடு. பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா பொறுக்க முடியாமல் சொன்னா: "பிள்ளை, மெசின் வீட்டில ஏற்கனவே ரெண்டு கிடக்குது. மூண்டாவதை எங்க வைக்கிறது?"

பிறகுதான் கதை வெளியே வந்தது. அவர்கள் கருவாடு போடுகிறவர்கள். மணலில் காய்வதால் மண் ஒட்டுகிறது, மழை வந்தால் எல்லாம் போய்விடும். வியாபாரி தன் தராசைத்தான் கொண்டுவருவார், ஈரம் என்று சொல்லிக் கிலோவில் கழிப்பார். முற்பணம் வாங்கியவர்கள் வாய் திறக்க முடியாது. ஒரு பெண் எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு சி.ஆர் கொப்பியைக் கொண்டுவந்தா. திகதி, கிலோ, விலை, ஈரத்துக்குக் கழித்தது, எல்லாம் பென்சிலால் கோடு போட்டு எழுதியிருந்தது. யாரும் கேட்டு எழுதியதல்ல.

கொடையாளர்கள் 'அடிப்படைத் தரவு' என்று கேட்பது இதைத்தான். ஆலோசகர் ஒருவரை வைத்துக் காசு செலவழித்தாலும் இவ்வளவு சுத்தமாகக் கிடைத்திருக்காது. நாங்கள் கேட்டது உயரமான உலர்த்தும் தட்டுகள், சங்கத்துக்குச் சொந்தமான ஒரு தராசு, முற்பணத்துக்கு வியாபாரியிடம் போகாமலிருக்க ஒரு சுழற்சி நிதி, அதாவது ஒருவர் எடுத்துத் திருப்பிக் கட்டியதை அடுத்தவருக்குக் கொடுக்கும் பொதுப் பணம். திட்டத்தின் நோக்கம், வேலை, விளைவு எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகக் காட்டும் லொக் பிரேம் அட்டவணையில் 'விளைவு' என்ற கட்டத்தில் 'பெண்கள் வலுவூட்டப்பட்டனர்' என்று எழுதவில்லை. கிலோவுக்குக் கையில் கிடைக்கும் விலை என்று எழுதினோம். பணம் வந்தது.

பட்ஜெற்றைப் பற்றி யாரும் ஆசையாகப் பேசுவதில்லை, ஆனால் ஒரு அமைப்பு நிற்பதும் விழுவதும் அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில் மறைமுகச் செலவுக்கு ஒதுக்கக்கூடியது உச்சமாக 7 வீதம். ஒபிஸ் வாடகை, கரண்ட் பில், இரண்டு திட்டங்களுக்கு இடையில் வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள், எல்லாம் அதற்குள். போதாததற்கு, பல அழைப்புகளில் மொத்தச் செலவின் ஒரு பங்கை நாங்களே தேட வேண்டும். ஆகவே கணக்காளரின் சம்பளத்தில் அந்தத் திட்டத்துக்குச் செலவாகும் நேரத்தின் பங்கை நேரடிச் செலவில் போட்டுவிட வேண்டும். அதற்கு நேரப் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். கணக்காய்வுக் கட்டணத்துக்கும் ஒரு வரி. இவற்றைக் கேட்க வெட்கப்படும் அமைப்புகள் இங்கே நிறைய. சேவை என்று வந்துவிட்டு நிர்வாகச் செலவு கேட்கலாமா என்ற கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலையைக் கட்டுவது சம்பளமில்லாமல் இருக்கும் கள உத்தியோகத்தர்.

2022 எல்லோருக்கும் ஒரு பாடம். மார்ச்சில் ரூபாயின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று மிதக்க விட்டார்கள். 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. ஒப்பந்தம் யூரோவில் இருந்தவர்களுக்குக் கையில் ரூபாய் கூடியது. ரூபாயில் கையெழுத்து வைத்தவர்கள் பாடு திண்டாட்டம்: பணவீக்கம் செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டது, தட்டுக்கு வேண்டிய கம்பியும் பைப்பும் பழைய விலையில் எங்கே கிடைக்கும்? அதிலிருந்து எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் தேடுவது நாணயம் பற்றிய பந்தியைத்தான். தொகை பிறகு.

வேண்டாம் என்று சொல்வதும் இந்த வேலையில் வரும். பெரிய தொகை, குறுகிய காலம், டிசம்பருக்குள் முடித்தாக வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. எங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. மறுத்தேன். நிர்வாக சபையில் சிலருக்கு இன்னும் அது ஆறவில்லை. இருக்கட்டும். அதை எடுத்திருந்தால் புதிதாக ஆட்களைச் சேர்த்து, சனவரியில் அவர்களையே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

2025 சனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தியபோது, தெரிந்த சிலர் ஒரே மின்னஞ்சலில் வேலை இழந்தார்கள். ஒரே கொடையாளரை நம்பியிருந்த அமைப்புகளுக்குத்தான் அடி பலம். அதற்குப் பிறகு எல்லோரும் புலம்பெயர்ந்தவர்கள் பக்கம் திரும்பியிருக்கிறோம். ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் பணத்துக்கு லொக் பிரேம் இல்லை, வட்சப்பில் ஒரு குரல் பதிவு போதும். ஆனால் படம் வேண்டும், சில வேளை பெயர்ப்பலகையும் வேண்டும். கொப்பி, சைக்கிள், கிணறு என்றால் உடனே தருவார்கள். "அண்ணை, எங்கட கணக்காளருக்கு ஆறு மாதச் சம்பளம் தாங்கோ, பெயர்ப்பலகை போட ஏலாது" என்று கேட்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் கணக்கறிக்கையை அனுப்பச் சொன்னார், அனுப்பியிருக்கிறேன்.