ஷவருக்கு அம்மை போட்ட கதை

நுவரெலியாவில் ஆறு அறைகளோடு சின்னதாக ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். டிசம்பர் விடுமுறைக்கு முன் எல்லா அறைக்கும் குரோம் பூசிய பிளாஸ்டிக் ஹேண்ட் ஷவர் வாங்கினேன், கண்டியில் ஒரு கடையில், ஒரு வருட வாரண்டியோடு. மார்ச்சில் பார்த்தால் நாலு ஷவரின் கழுத்தில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம். ஒன்று வெடித்து, பிளேடு மாதிரி நின்ற அதன் ஓரம் தங்கியிருந்தவரின் விரலைக் கிழித்துவிட்டது. நகத்தால் நோண்டிப் பார்க்காதீர்கள், நானும் கிழித்துக்கொண்டேன்.

மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் நின்றால், வாரண்டி கார்டில் கடை முத்திரை இல்லையாம். குத்த வேண்டியது நீங்கள்தானே என்றேன். "பில்லைக் கொண்டு வாங்க." பில் வீட்டில். வந்து எடுத்தால், அந்த வழுவழுப்பான தாளில் எழுத்தெல்லாம் மங்கி, தேதி மட்டும் ஏதோ தெரிகிறது. வாங்கிய அன்றே போட்டோகொப்பி எடுத்து வையுங்கள்.

இரண்டாம் தடவை வேறு பாட்டு. "ஆசிட் ஊத்திக் கழுவியிருப்பீங்க, அதுக்கு வாரண்டி இல்ல." எனக்கு ஏறிவிட்டது. முலாம் பட்டறையில் வேலை செய்யும் மச்சானுக்குப் போன் போட்டேன். "உரிஞ்ச தோலைப் பத்திரமா வை, அதுதான் சாட்சி" என்றான். பார்த்தேன், குரோமோடு சேர்ந்து மொத்தப் பூச்சும் கழன்று, அடியில் வெறும் பிளாஸ்டிக். தோலின் வெட்டு விளிம்பில் மெல்லிய செம்புக் கோடு. குரோம் ஒரு மைக்ரோன்கூட இருக்காது, அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. ஆசிட் என்றால் மேலிருந்து அரித்துக் கறை பிடிக்கும், இப்படி அடியோடு கழற்றாது.

இன்னொன்றும் சொன்னான். நாலிலும் கொப்புளம் ஒரே இடத்தில், ஷவர் கழுத்தின் அடியில் வெட்டி விட்ட சின்ன வட்டத் தழும்பைச் சுற்றி. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய் அது. அவசரமாக அடித்துத் தள்ளினால் அங்கே இறுக்கம் தங்கிவிடும், பூச்சு சரியாகப் பிடிக்காது. பிளாஸ்டிக் சூட்டில் விரிவதோ செம்பைவிட நாலைந்து மடங்கு. எங்கள் ஊரில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போகும், காலையில் கீசர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க. அப்புறம் எப்படித் தாங்கும்?

மூன்றாம் தடவை கவுண்டரில் பேசவே இல்லை. மனேஜர் மேசையில் நாலையும் வரிசையாக வைத்து, தழும்புகளைத் தொட்டுக் காட்டினேன். "ஆறு அறை, ஆறு பேர் கழுவுறாங்க, எல்லாரும் ஒரே இடத்துலயா ஆசிட் ஊத்துவாங்க?" நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்தையும் லேசாகச் சொல்லி வைத்தேன். பத்து நிமிடத்தில் நாலு புதுசு வந்தது. பிரிக்காமல் வாங்கவில்லை, ஒவ்வொன்றையும் டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்து, தழும்பைச் சுற்றி விரலை ஓட்டி, மேடு தட்டிய ஒன்றைத் திருப்பிக் கொடுத்து மாற்றினேன்.

மீதி இரண்டு பழசையும் மாற்றச் சொன்னதற்கு, "கொப்புளிச்சதும் கொண்டு வாங்க." நேற்று ஐந்தாம் அறை ஷவரின் கழுத்தில் ஏதோ தட்டுப்பட்டது. பில் நகல் பையிலேயே இருக்கிறது.