வந்தார்கள், கேட்டார்களா?

பங்கு வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கை இன்று மின்னஞ்சலில் வந்தது. இயக்குநர்களின் வருகைப் பட்டியலில் கண் நின்றுவிட்டது. எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்திருக்கிறார்கள்.

சரி, வந்தார்கள். என்ன கேட்டார்கள்?

அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் நினைவுக்கு வந்தது. அதன் தணிக்கைக் குழுத் தலைவர், ஸ்டான்ஃபோர்டில் கணக்கியல் கற்பித்த பேராசிரியர். அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனாலும் 1999இல், நிதித் தலைமை அதிகாரி தானே நடத்தும் கூட்டு நிறுவனங்களோடு என்ரான் வியாபாரம் செய்ய, நடத்தை விதியையே இயக்குநர் குழு தளர்த்திக் கொடுத்தது. 2001 டிசம்பரில் திவால்.

ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யமிலும் அதே கதை. 2008 டிசம்பர் 16 அன்று, நிறுவனர் குடும்பத்தின் இரண்டு மேடாஸ் நிறுவனங்களை வாங்க இயக்குநர் குழு சம்மதித்தது. முதலீட்டாளர்கள் கொதித்த பிறகுதான் பின்வாங்கியது.

நிர்வாகத்தைச் சாராமல் வெளியிலிருந்து வரும் சுயேச்சை இயக்குநரின் சங்கடம் புரிகிறது. நிர்வாகம் தரும் தகவலை வைத்துத்தான் அவர் நிர்வாகத்தையே கண்காணிக்க வேண்டும். பெரும்பாலும் அவரைக் கொண்டுவருவதும் பெரிய பங்குதாரர்தான். அவரையே எதிர்த்துப் பேசுவது லேசா?

இருந்தாலும் பேசத்தான் வேண்டும். யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்பது எங்களைப் போன்ற சிறு பங்குதாரர்களுக்கும் தெரிய வேண்டும்.