ஆத்தாவின் தாடை வீக்கமும் சயலடினைடிஸும்

ஆத்தாவுக்கு வலது தாடைக்கு அடியில் வீங்கியதும் எல்லோரும் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். பக்கத்து வீட்டு ஆச்சி தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுவிடச் சொன்னார், போட்டோம். முதலில் பார்த்த டாக்டரும் அதையே சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஏனென்றால் வீக்கம் சாப்பாட்டு நேரத்தில்தான் எழும்பியது. வெண்டைக்காய் மண்டியைப் பிசைந்து ஒரு வாய் வைத்தால் போதும், நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்துவிடும். அப்புறம் மெல்ல வடியும்.

காரைக்குடியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இதைச் சொன்னதுமே அவர் கையுறை மாட்டிக்கொண்டார். ஒரு விரலை நாக்குக்கு அடியில் வைத்து, மறு கையால் தாடையை அழுத்தினார். கீழ்ப்பல்லுக்குப் பின்னால், நாக்கை அடியில் பிணைக்கும் மெல்லிய சவ்வை ஒட்டிய சின்னத் துவாரத்தில் மஞ்சளாக ஒரு சொட்டுச் சீழ் எட்டிப் பார்த்தது. டார்ச் அடித்து எனக்கும் காட்டினார். சீட்டில் சயலடினைடிஸ் என்று எழுதினார், அதாவது உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சி. பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது, பெரும்பாலும் காதுக்கு முன்னால் வீங்கும். இது தாடைக்கடிச் சுரப்பி. இதில் ஊறும் எச்சில் கொஞ்சம் கெட்டி, குழாயில் மேல்நோக்கி ஏறித்தான் வாய்க்கு வரவேண்டும். அதனால் கல் சேர்வதும் இங்கேதான் அதிகமாம். ஸ்கேனில் 3 மி.மீ. கல் தெரிந்தது.

"தண்ணி எவ்வளவு குடிப்பீங்க ஆச்சி?" என்று கேட்டார். ஆத்தா பேசவில்லை. எங்கள் வீட்டில் கழிப்பறை பின்கட்டில் இருக்கிறது. முட்டிவலியோடு ராத்திரியில் அத்தனை கட்டும் தாண்டி நடக்கப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் எத்தனையோ ஆச்சிகள் இப்படித்தான் தாகத்தை அடக்குகிறார்கள். நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. போதாததற்கு, சளிக்குப் போட்டுவந்த அலர்ஜி மாத்திரை வாயை வேறு உலர்த்தியிருக்கிறது. அதை நிறுத்தச் சொன்னார்.

அமாக்சிசிலினும் கிளாவுலனேட்டும் சேர்ந்த மாத்திரை, வெந்நீர் ஒத்தடம், நிறையத் தண்ணீர். சீழ் அடங்கியபின் எச்சில் ஊற எலுமிச்சைத் துண்டு. தாடையின் பின்பக்கத்திலிருந்து மோவாய் நோக்கி நீவிவிடவும் சொல்லிக்கொடுத்தார். வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார் ஆத்தா, நான் விடவில்லை. ஒருநாள் நீவிக்கொண்டிருந்தபோது கல் தானாக நாக்கடியில் வந்து விழுந்தது. வராமல் போனால் குழாய்க்குள் மெல்லிய எண்டோஸ்கோப் விட்டு எடுப்பார்களாம்.

காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமல் போனாலோ, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமப்பட்டாலோ காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது வழக்கமாகப் போடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆத்தா படுக்கும் அறையை ஒட்டியே கழிப்பறை கட்டிக்கொண்டிருக்கிறோம்.