கெலாய்டு தழும்பிலிருந்து எண்டோதீலியல் செல் எடுப்பது

தொப்புள்கொடிச் சிரைக்குள் கொலாஜினேஸை (கொலாஜன் புரதத்தைக் கரைக்கும் நொதி) நிரப்பிக் கழுவினால், ரத்தக்குழாயின் உட்சுவரில் படிந்த எண்டோதீலியல் செல்கள் வந்துவிடும். காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பான கெலாய்டில் அந்தச் சுகம் கிடையாது. கெட்டியான கொலாஜன், அதற்குள் நுண்குழாய்கள், சுற்றிலும் கொலாஜனைச் சுரக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் கூட்டம். வேலை முழுக்க அந்தக் கூட்டத்தை ஒதுக்குவதுதான்.

நெறிமுறைக் குழு அனுமதியும் நோயாளியின் ஒப்புதலும் முன்பே கையில் இருக்கட்டும். தழும்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் கலந்த குளிர்ந்த மீடியத்தில் (செல் வளர்ப்புத் திரவம்) வரும் திசுவைப் பிபிஎஸ் உப்புக்கரைசலில் நன்றாக அலசி, கொழுப்பை நீக்கிக் கீற்றுகளாக்குவோம். நடுப்பகுதியைவிட, வளர்ந்துகொண்டிருக்கும் சிவந்த விளிம்பே எங்கள் தேர்வு. டிஸ்பேஸ் நொதியில் 4 டிகிரியில் இரவு முழுக்கக் கிடந்தால், காலையில் மேல்தோல் இடுக்கியோடு உரிந்து வரும். உரியாத துண்டைத் தூக்கிப் போடுங்கள்; மேல்தோல் செல்லான கெரட்டினோசைட் பின்னால் தொல்லை.

மீதியை 1 மி.மீ. அளவுக்குப் பொடியாக நறுக்கி, மி.லி.க்கு 2 மி.கி. கொலாஜினேஸில் 37 டிகிரியில் குலுக்கவேண்டும். சாதாரணத் தோலைவிட நேரம் பிடிக்கும். அதற்காக ஒரேயடியாக ஊறவிட்டால், முதலில் வெளிவந்த செல்கள் செத்துப்போகும். அரைமணிக்கொரு முறை வடித்து, செரம் கலந்த குளிர்ந்த மீடியத்தில் சேர்த்துக்கொண்டு, புதுக் கரைசல் ஊற்றுங்கள். வடித்தது சளிபோல் நூலாக இழுபட்டால், உடைந்த செல்களின் டிஎன்ஏ வெளியேறிவிட்டது என்று பொருள். அதை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி கொஞ்சம் சேர்த்தால் சரியாகும். பிறகு 100, 70 மைக்ரான் வடிகட்டிகள்; 300 ஜி விசையில் 5 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ்.

எண்டோதீலியல் செல்லின் மேற்பரப்புப் புரதமான சிடி31-ஐப் பற்றும் காந்த மணிகளை அன்றே கலப்பதா, சில நாள் வளர்த்துவிட்டா என்பதில் இரண்டு கட்சி உண்டு. கெலாய்டுக்கு அன்றே கலப்பதுதான் எங்கள் கட்சி: ஃபைப்ரோபிளாஸ்ட் காத்திருக்காது. 4 டிகிரியில் மெதுவாகச் சுழற்றி, 20–30 நிமிடம். வெதுவெதுப்பில் வைத்தால் செல்கள் மணிகளை விழுங்கிவிடும். வெள்ளணுக்களிலும் சிடி31 இருப்பதால் வெள்ளணுப் புரதமான சிடி45-ஐப் பற்றும் மணிகளால் அவற்றை முதலில் கழித்துவிடுங்கள். நிணநீர்க்குழாய்ச் செல்களைப் பிரிக்க, அவற்றின் அடையாளப் புரதமான போடோபிளானின் வேண்டும்.

தட்டில், செல்கள் ஒட்டிக்கொள்ள ஃபைப்ரோநெக்டின் புரதப் பூச்சு. மீடியம் விஇஜிஎஃப் (ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி) உள்ள, 5% செரம் கொண்ட நுண்குழாய் வகை. 10% செரம் கலந்த டிஎம்இஎம் என்ற பொது மீடியம் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குத்தான் விருந்து. கூழாங்கல் பதித்த தரைபோன்ற தீவுகள் தெரியும். நடுவே கதிர்வடிவச் செல்கள் நுழைந்தால், அடுத்த பாசேஜில் (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்றில்) மறுபடி மணி. அவை எல்லாமே ஃபைப்ரோபிளாஸ்ட் என்று முடிவுகட்டவேண்டாம். டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிக் காரணியின் தூண்டலில் எண்டோதீலியமே உருமாறியிருக்கலாம். சிடி31, ஆல்ஃபா-எஸ்எம்ஏ (உருமாறிய செல்களில் தோன்றும் தசைவகைப் புரதம்) இரண்டையும் ஒரே ஸ்லைடில் சாயமேற்றிப் பாருங்கள். 5-வது பாசேஜுக்குள் சோதனைகளை முடித்துவிடுவது நல்லது. மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் குழாய்வலை கட்டியதை மட்டும் சான்றாகக் காட்டாதீர்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்டும் அங்கே வலை பின்னும்.