ப்ராக்கில் சவேரியார், ஆடிட்டர், நான்

ஊர் திரும்பி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அழுக்குத் துணி இன்னும் பைக்குள்தான் கிடக்கிறது. ஆறப்போட்டால் கோபம் போய்விடும் என்பதால் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். செக் நாட்டுத் தலைநகர் ப்ராக்குக்குப் போன பயணத்தை நாள்வாரியாக, செலவுக் கணக்கோடு எழுதித் தருவதாகத் தோழிகளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். முயற்சி செய்கிறேன். ஆனால் அந்த நாணய மாற்றுக் கடைக்காரனைத் திட்டாமல் என்னால் முதல் நாளைத் தாண்ட முடியாது.

2024 மே மாதம், வெள்ளி முதல் திங்கள் வரை. பெர்லினில் படிக்கிற இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முதுகுப்பை, ஆளுக்கு 200 யூரோ. பஸ், தங்கல், சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கூட வந்தவள் பாளையங்கோட்டைக்காரி. கல்லூரி நாளிலிருந்தே அவள் பெயர் 'ஆடிட்டர்'. படித்தது என்னவோ உயிரியல்தான். கையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு, இரண்டு ரூபாய் டீயைக்கூட அதில் எழுதிவிடுவாள்.

பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். அதைக்கூட மன்னித்துவிடலாம். உள்ளே இருந்த கழிப்பறைக் கதவில் ஒரு தாளை ஒட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். வழியில் நிறுத்திய இடத்தில் கழிப்பறைக்குக் காசு, அதுவும் சில்லறையாக. ஆடிட்டர் நோட்டில் முதல் பதிவு அதுதான்.

இனி அந்த நாணயக் கடை. செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் யூரோவுக்கு மாறவில்லை, அங்கே கொருனா. நாங்கள் போன சமயம் ஒரு யூரோவுக்குச் சுமார் 25 கொருனா. கார்டில் எடுத்தால் வங்கி கட்டணம் பிடிக்கும் என்று 100 யூரோவை நோட்டாகவே கொண்டுவந்திருந்தாள் ஆடிட்டர். பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகிற வழியில் ஒரு கடை. 'கமிஷன் 0%' என்று மஞ்சள் பலகை. பக்கத்தில் பெரிய எழுத்தில் 25 சொச்சம். உள்ளே நுழைந்தாள், நோட்டை நீட்டினாள், கையெழுத்துப் போட்டாள், வெளியே வந்தாள். கையில் 1,610 கொருனா.

நடுத்தெருவில் நின்று மூன்று முறை எண்ணினாள். மறுபடி பலகையைப் போய்ப் பார்த்தோம். 25 என்பது அவன் நமக்கு யூரோவை விற்கும் விலை. நம்மிடமிருந்து வாங்கும் விலை அடுத்த வரிசையில் குட்டியாக: 16.10. கமிஷன் 0% என்பது உண்மைதான்! விலையிலேயே மூன்றில் ஒரு பங்கை உருவிக்கொண்ட பிறகு கமிஷன் எதற்கு? இந்திய ரூபாயில் மூவாயிரத்துக்கும் மேல் போயிருந்தது.

"ஏட்டி, நானா இப்படி ஏமாந்தேன்?" என்று அவள் கேட்டபோது அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கவில்லை. ஆறு வருடமாக என் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தவள் அல்லவா.

விடுதிக்குப் போய்ப் புலம்பினோம். வரவேற்பில் இருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்: "எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?" அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 2019 ஏப்ரலில் இருந்து, 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் காரணமே சொல்லாமல் திருப்பிக் கொடுத்து, நம் பணத்தை அப்படியே வாங்கிக்கொள்ளலாம். ரசீது வேண்டும். இதை எந்தக் கடைக்காரனும் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

எங்களுக்கு மீதமிருந்தது ஐம்பது நிமிடம். டிராமில் ஏறி, கடைசிக் கல் தெருவில் ஓடிப் போய் நின்றோம். (ப்ராக்கின் பழைய தெருக்கள் பெரும்பாலும் உள்ளங்கை அளவுக் கற்கள் பாவியவை. சக்கரம் வைத்த பெட்டி கொண்டுபோகாதீர்கள். லொட லொட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும், மூன்றாம் நாள் சக்கரமும் இருக்காது.) கடைக்காரன் முதலில் ஆங்கிலமே தெரியாது என்றான். பணம் மாற்றியபோது நன்றாகத்தான் பேசினான். அப்புறம் மேலாளர் இல்லை என்றான். ஆடிட்டர் ரசீதைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, அதில் இருந்த நேரத்தை விரலால் தட்டி, "செக் நேஷனல் பேங்க்" என்று மூன்றே சொல் சொன்னாள். இந்தக் கடைகளைக் கண்காணிப்பது அந்த மத்திய வங்கிதான். நூறு யூரோ நோட்டு கண்ணாடிக்கு அடியில் வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

அதே நோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் 2,460 கொருனா கிடைத்தது. நீங்கள் போனால் 'வாங்கும் விலை' எவ்வளவு என்று வாயால் கேட்டுவிட்டுப் பணத்தை நீட்டுங்கள். தெருவில் வந்து "நல்ல ரேட் தருகிறேன்" என்பவனிடம் நிற்கவே நிற்காதீர்கள். செல்லாத வெளிநாட்டு நோட்டைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவான்.

தங்கியது ஜிஷ்கோவ் என்ற பகுதியில். ஒரே அறையில் பன்னிரண்டு கட்டில், துண்டுக்குத் தனிக் காசு. எனக்கு மேல் கட்டிலில் படுத்திருந்த ஆள் விட்ட குறட்டை சாதாரணக் குறட்டை இல்லை, விசைப்படகு கிளம்புகிற சத்தம். தூத்துக்குடிக்காரி சொல்கிறேன், எனக்குத் தெரியும். இரண்டு இரவும் தூக்கம் போச்சு. ஆனால் அந்தப் புண்ணியவானுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாள் விடிகாலை நாலரைக்கே வெறுத்துப்போய் எழுந்து, டிராம் பிடித்து, ஐந்தரைக்கெல்லாம் சார்லஸ் பாலத்தில் நின்றோம்.

பகலில் அந்தப் பாலம் தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெரு. அந்த நேரத்தில் நாங்கள், குப்பை வண்டிக்காரர் ஒருவர், கல்யாண உடையில் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி, வல்டாவா ஆறு. அவ்வளவுதான். இந்தப் பாலத்துக்கு மன்னர் நான்காம் சார்லஸ் அடிக்கல் நாட்டியது 1357, ஒன்பதாம் தேதி, ஏழாம் மாதம், காலை 5.31 என்று சொல்கிறார்கள். எழுதிப் பாருங்கள்: 1-3-5-7-9-7-5-3-1. ஏறி இறங்கும் ஒற்றைப்படை. ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரமாம். நல்ல நேரம் பார்க்காமல் நாமும் கடைக்கால் போடுவதில்லை, ராஜா மட்டும் போடுவாரா? சாந்தில் முட்டை கலந்து கட்டினார்கள் என்றும் ஒரு கதை. ஊர் ஊராக முட்டை அனுப்பச் சொன்னபோது வெல்வரி என்ற ஊர்க்காரர்கள், வழியில் உடையக் கூடாதென்று அவித்து அனுப்பினார்களாம். ஆடிட்டர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டு ஓரத்திலும் சேர்த்து முப்பது சிலைகள். போனில் பெயர் பார்த்துக்கொண்டே நடந்தவள் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டேன். புனித பிரான்சிஸ் சேவியர். எங்கள் ஊர் வாயில் சொன்னால், சவேரியார்!

தூத்துக்குடியில் ஒரு தெருவுக்கு நாலு சேவியர் உண்டு. என் ஆச்சி வீடு மணப்பாடு. சவேரியார் தங்கிய கடற்கரைக் குகையில்தான் ஒவ்வொரு விடுமுறையும் கழிந்தது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், ஜெபங்களைத் தமிழில் மாற்றித் தரச் சொல்லி மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொன்னவர் என்று ஆச்சி கதை கதையாகச் சொல்லுவாள். அவர் ப்ராக் பக்கம் வந்ததே இல்லை. 1552-ல் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோனார். ஆனாலும் 1711-ல் பிரோக்கோஃப் என்ற சிற்பி அவரை இங்கே நிறுத்திவிட்டார். இப்போது இருப்பது நகல். மூலச் சிலை 1890 வெள்ளத்தில் பாலத்தோடு பெயர்ந்து ஆற்றில் விழுந்ததாம். கடலோரத்துச் சாமியார் கடைசியில் ஆற்றில்!

சிலையில் அவர் சிலுவையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். கீழே அவரைச் சுமந்தபடி அவர் மனம் திருப்பிய கீழை நாட்டு மனிதர்கள். அதில் ஒருவன் தோளை ரொம்ப நேரம் பார்த்தேன். கல்லில் நரம்பு புடைத்து நிற்கிறது. எங்கள் கடற்கரையில் வள்ளம் தள்ளுகிற ஆட்களுக்குத் தோள் அப்படித்தான் இருக்கும். இவர் மேலே நிற்க, அவர்கள் இன்னும் சுமந்துகொண்டே இருப்பது எனக்கு அவ்வளவு உவப்பாக இல்லை. ஆச்சியிடம் சொன்னால் செருப்பு பறக்கும். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரே கேள்வி திரும்பி வந்தது: "மெழுகுதிரி ஏத்தினியா?"

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1410-ல் செய்த வானியல் கடிகாரம் பார்க்க அழகு. ஆனால் மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு மணியடித்து, அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போகும் அந்தக் காட்சிக்காகக் கூட்டத்தில் அரை மணி நேரம் இடிபடுவது வீண். முடிந்ததும் பக்கத்தில் நின்ற ஒருவர் "இவ்வளவுதானா?" என்று அவர் மொழியில் கேட்டார், என்ன மொழி என்றே தெரியவில்லை, அர்த்தம் புரிந்தது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், பிக்பாக்கெட் உண்டு. கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயம் 1344-ல் தொடங்கி 1929-ல் முடிந்தது. நம்மூர் மேம்பால வேலையை இனிமேல் குறை சொல்ல மாட்டேன். முன்பகுதியில் காசில்லாமல் நிற்கலாம், ஆடிட்டர் அதோடு நிறுத்திவிட்டாள். பழைய யூதக் கல்லறைக்கும் நுழைவுச்சீட்டு விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்தோம். அது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

தெருவுக்குத் தெரு 'பழங்காலத்து போஹீமியப் பலகாரம்' என்று ட்ர்டெல்னீக் விற்கிறார்கள். மாவைக் கட்டையில் சுற்றிச் சுட்டுச் சர்க்கரையில் புரட்டியது. உள்ளே ஐஸ்கிரீமும் திணிக்கிறார்கள். விடுதிப் பெண் முகத்தைச் சுளித்தாள். அவள் சின்ன வயதில் ப்ராக்கில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம். சுற்றுலாப் பயணிக்காக வந்த பழமை. ஒன்று 130 கொருனா, கிட்டத்தட்ட ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. வாங்காதீர்கள்.

சாப்பாடு என்றால் ஜிஷ்கோவில் நாங்கள் வெள்ளியும் திங்களும் சாப்பிட்ட இடம். மெனு செக் மொழியில் மட்டும், கையால் எழுதியது. வார நாள் மதியம் மட்டும் கிடைக்கிற சாப்பாடு, 165 கொருனா. பரிமாறியவர் சிரிக்கவில்லை, "டோப்ரி டென்" என்று வணக்கம் சொன்னதும் லேசாகத் தலையாட்டினார். முதலில் புளித்த முட்டைக்கோஸ் சூப். பிறகு எனக்கு ஸ்விச்கோவா: மெதுவாக வெந்த மாட்டிறைச்சி, மேலே காரட்டும் கிழங்குகளும் அரைத்துப் பாலேடு சேர்த்த குழம்பு, ஒரு எலுமிச்சைத் துண்டு, அதன்மேல் குருதிநெல்லி ஜாம். புளிப்பும் இனிப்பும் ஒன்றாக. முதல் வாய் குழப்பம், மூன்றாம் வாய்க்குப் பேச்சு நின்றுவிட்டது. தொட்டுக்கொள்ள க்னெட்லீக்கி, மாவை நீளமாக உருட்டி அவித்து வில்லையாக அறுத்தது. இட்லிக்கும் பன்னுக்கும் பிறந்த பிள்ளை. குழம்பை உறிஞ்சுவதில் இட்லிக்கே பாடம் எடுக்கும்.

ஆடிட்டர் சைவம். அவளுக்கு ஸ்மஜெனி சீர்: உள்ளங்கை அகலப் பாலாடைக்கட்டியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது, அவித்த உருளைக்கிழங்கோடு. "பஜ்ஜி மாதிரி இருக்குட்டி" என்று ஆரம்பித்தவள் கடைசித் துண்டை எனக்குக் காட்டவே இல்லை. குடிக்கக் கொஃபோலா, 1960-லிருந்து இருக்கிற உள்ளூர்க் கோலா. அவர்கள் ஊர் போவொண்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மூலிகை வாசனையோடு. ஒவ்வொரு கிளாஸுக்கும் பரிமாறுகிறவர் மேசையில் இருந்த சீட்டில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறார். கடைசியில் கோட்டை எண்ணிக் காசு. ஆடிட்டருக்கு இந்த முறை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒரு சின்னச் சொல் எச்சரிக்கை: 'அனோ' என்றால் அங்கே 'ஆமாம்'. காதில் 'நோ' என்று விழும். இன்னொன்று, நண்பர்கள் பார்த்துக்கொண்டால் "அஹோய்" என்கிறார்கள், கப்பல்காரர்கள் மாதிரி. கடலே இல்லாத நாட்டில்!

காசில்லாமல் ஒரு நல்ல மாலை வேண்டுமா, விஷெஹ்ராட் போங்கள். ஆற்றுக்கு மேலே பழைய கோட்டை மதில், புல்வெளி, கூட்டம் கிடையாது. அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் இருக்கிறார். 'ரோபோ' என்கிற சொல் உலகத்துக்கு வந்தது அவருடைய 1920 நாடகத்திலிருந்து. கட்டாய உழைப்புக்கான செக் சொல்லிலிருந்து அதை உருவிக் கொடுத்தது அண்ணன் யோசெப். மதிலில் உட்கார்ந்து, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ரொட்டியையும் தக்காளியையும் தின்றோம். நாலு நாளில் ஆடிட்டர் நோட்டை எடுக்காத ஒரே மணி நேரம் அது.

போக்குவரத்து: 72 மணி நேர டிக்கெட் 2024-ல் 330 கொருனாவாக இருந்தது, மெட்ரோ, டிராம், பஸ் எல்லாவற்றுக்கும். முதல் தடவை ஏறும்போது மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்திவிடுங்கள். வாசலில் தடுப்பு எதுவும் இல்லாததால் சும்மா போய்விடலாம் போலத் தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், முத்திரை இல்லாவிட்டால் அபராதம்.

திரும்பும் பஸ்ஸில் கழிப்பறை வேலை செய்தது. ஆடிட்டர் நோட்டைத் திறந்து கூட்ட ஆரம்பித்தாள். எனக்கு 191 யூரோ, அவளுக்கு 183. மறுபடி கூட்டினாள். பொதுப் பணத்தில் 130 கொருனா உதைத்தது. கண்ணாடி வழியாக எல்பே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்த என் பக்கம் திரும்பி, ஜாக்கெட் கையை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"ஏட்டி, இது என்ன சர்க்கரை?"